ஆசையாகப் பேணும் காரில் நாய்க்கு இடம் உண்டா? கொல்கத்தா அனுபவம் சொல்வது என்ன?

கொல்கத்தா: பழைய கார்களைப் பெற்ற பிள்ளையைப் போலப் பேணுவோர் நிறைந்த நகரம் கொல்கத்தா. தெருவில் திரியும் நாய்க்கும் பெயர் சூட்டி, மீதமான சோற்றை எடுத்து வைக்கும் நகரமும் அதுவே. இந்த இரண்டு நேசங்களும் ஒரே காரின் கதவருகே சந்திக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. தோல் இருக்கையும் மர வேலைப்பாடும் கொண்ட காரில் நாயை ஏற்றலாமா? சொந்தக் காரில் எழும் இக்கேள்வி, வாடகைக் கார், ரயில் பெட்டி, அடுக்குமாடியின் மின்தூக்கி, மருத்துவமனை வளாகம் எனப் பொது இடங்களுக்கு நகரும்போது அதன் கனமும் கூடுகிறது. சட்டமும் அறிவியலும் நீதிமன்றங்களும் இதற்கு அளித்துள்ள விடைகளை விளக்குகிறது இக்கட்டுரை.

கார்களைக் கொண்டாடும் நகரம்

'தி ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழ் நடத்தும் பழங்கால கார்ப் பேரணி கொல்கத்தாவில் 1968-ஆம் ஆண்டு தொடங்கியது. நகருக்கு அருகே, ஹூக்ளி மாவட்டம் உத்தரபாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் அம்பாசடர் கார்கள் தயாராகின. 2014 மே மாதத்தில் அங்கு உற்பத்தி நின்றது. கொல்கத்தா மாநகரப் பகுதியில் 15 ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்களுக்கு உயர் நீதிமன்றம் 2008-இல் விதித்த தடையின் தொடர்ச்சியாக, மஞ்சள் நிற அம்பாசடர் டாக்சிகளும் சாலைகளிலிருந்து படிப்படியாக மறைந்து வருகின்றன. எஞ்சியிருக்கும் அம்பாசடர்கள் அதனாலேயே பலருக்கு நினைவுச் சின்னங்களாகிவிட்டன.

காருடன் மனிதன் கொள்ளும் பாசத்தையே கருவாகக் கொண்டு ரித்விக் கட்டக் 1958-இல் 'அஜாந்திரிக்' என்ற வங்கத் திரைப்படத்தை உருவாக்கினார். பழைய ஷெவர்லே காரை உயிருள்ள தோழனாகவே கருதும் டாக்சி ஓட்டுநரின் கதை அது.

பழங்கால வாகனங்களுக்கென மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இப்பிரிவில் அடங்கும். கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற தேவைகளுக்கு மட்டுமே இவற்றைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. ஆக, சட்டத்தின் பார்வையிலும் இத்தகைய கார் போக்குவரத்துச் சாதனம் என்பதைவிடப் பாதுகாக்க வேண்டிய பொருளாகவே கருதப்படுகிறது.

உரிமையாளரின் கவலை நியாயமானதா?

நாயை ஏற்றத் தயங்கும் கார் உரிமையாளரின் கவலைகள் கற்பனையானவை அல்ல. நகக் கீறல் தோல் இருக்கையில் நிலையான தழும்பாகிறது. உதிரும் முடி துணி விரிப்பின் இழைகளுக்குள் புகுந்துகொள்கிறது. எச்சிலும் சிறுநீரும் உள்ளே இறங்கினால், மழைக்காலத்தில் ஈரப்பதம் மிகுந்த கொல்கத்தாவில் அந்த வாடை எளிதில் விலகாது. மூல உதிரிப்பாகங்கள் கிடைக்காத பழைய காரில், கிழிந்த இருக்கையை முன்பிருந்தபடி மீட்பது கடினம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கலும் உண்டு. நாய் முடியே ஒவ்வாமைக்குக் காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் துகள்களிலும் உள்ள புரதங்களே ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. 'கேன் எஃப் 1' என்ற புரதம் அவற்றுள் முதன்மையானது. முடியும் ஆடையும் அதனைச் சுமந்து செல்கின்றன. இதனால் நாயே நுழையாத பள்ளிகளிலும் அலுவலகங்களிலும்கூட இப்புரதம் காணப்படுகிறது. நாய் இறங்கிச் சென்ற பின்னரும் அது காருக்குள் தங்கியிருக்கும். சொந்தக் காரில் இது குடும்பத்தின் பிரச்சினை. வாடகைக் காரில் அடுத்து ஏறப்போகும் ஆஸ்துமா நோயாளியின் பிரச்சினை.

காரைவிட நாய்க்கே ஆபத்து அதிகம்

விவாதம் பெரும்பாலும் காருக்கு நேரும் சேதத்தைச் சுற்றியே நிகழ்கிறது. ஆனால், நாய்க்கு நேரக்கூடிய தீங்கே மிகப் பெரியது.

முதலாவது, வெப்பம். வெயிலில் நிறுத்தப்பட்ட கார்களை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்களின் ஆய்வு, 2005-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியானது. ஒரு மணி நேரத்தில் காருக்குள் வெப்பநிலை சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்வதாகவும், அந்த உயர்வில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்வதாகவும் அது கண்டறிந்தது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை என்பதும் அதில் தெரியவந்தது. குழந்தைகளின் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட அந்த ஆய்வின் முடிவு நாய்களுக்கும் பொருந்தும்.

மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்ச்சி அடையும் ஆற்றல் நாய்க்கு இல்லை. நாக்கை நீட்டி இரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கியே அது உடல் சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஈரப்பதம் கூடினால் ஆவியாதல் குறையும். கோடையில் வெப்பமும் ஈரப்பதமும் ஒன்றாக உயரும் கொல்கத்தா, சென்னை போன்ற நகரங்களில் இது இரட்டைச் சுமை. நாயின் இயல்பான உடல் வெப்பநிலை சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற தட்டை முக நாய்கள் சுவாசப் பாதை குறுகியவை என்பதால் விரைவில் பாதிக்கப்படும். குளிர்சாதன வசதியற்ற பழங்கால காரில் நண்பகல் நெரிசலில் சிக்கும் நாயின் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இரண்டாவது, விசை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி, அரை மீட்டர் தொலைவுக்குள் நிற்பதாகக் கொள்வோம். அதில் உள்ள 20 கிலோ எடை கொண்ட நாய்க்கு அதன் எடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு, அதாவது சுமார் 400 கிலோ எடைக்கு நிகரான விசை செயல்படும். கட்டப்படாத நாய் அந்த வேகத்திலேயே முன்னிருக்கையில் உள்ளவர் மீதோ கண்ணாடி மீதோ மோதும். முன்னிருக்கையில் அமர்த்தப்படும் நாய்க்குக் காற்றுப்பையும் எமனாகலாம். பழங்கால கார்கள் பலவற்றில் இருக்கைப் பட்டையே இல்லை. நாய்க்கான கவசப் பட்டையைப் பிணைக்கவும் இடம் இருக்காது. ஆசைக் காரில் நாய் வேண்டாம் என்பதற்கு இருக்கைத் தோலைவிட நாயின் பாதுகாப்பே வலுவான காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்தக் காரில் நாயை ஏற்றிச் செல்ல இந்தியாவில் தடை ஏதும் இல்லை. ஆயினும் சில வரம்புகள் உள்ளன. ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடையூறாகும் வகையில் யாரையும் அமரவிடவோ, எதையும் வைக்கவோ கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு. மடியில் நாயை வைத்துக்கொண்டு வாகனம் ஓட்டுவது இதற்கு முரணானது. தேவையற்ற வலியோ துன்பமோ நேரும் விதத்தில் விலங்கை வாகனத்தில் கொண்டு செல்வது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தொகை மாறவில்லை என்பது விலங்கு நல ஆர்வலர்களின் நீண்ட காலக் குறை.

இச்சட்டத்தின் பின்னணியில் கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பங்கு உண்டு. வண்டி இழுக்கும் மாடுகளும் குதிரைகளும் படும் துயரைக் கண்டு, கோல்ஸ்வொர்தி கிராண்ட் 1861-இல் கொல்கத்தாவில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். நூறாண்டு கழித்து, மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தது. 1962-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

பிரிட்டனில் இந்தச் சிக்கலுக்கு விதி நேரடியாகவே விடை தருகிறது. ஓட்டுநரின் கவனம் சிதறாமலும், திடீரென நிறுத்த நேர்ந்தால் காயம் ஏற்படாமலும் இருக்க, காரில் நாயைத் தகுந்தபடி பிணைத்திருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டுச் சாலை விதித் தொகுப்பின் 57-ஆவது விதி. இந்தியாவில் இத்தகைய வெளிப்படையான விதி இல்லாததால், பொறுப்பு முழுவதும் உரிமையாளரிடமே விடப்பட்டுள்ளது.

ரயிலிலும் விமானத்திலும்

பிறரும் பயணிக்கும் வாகனங்களில் விதிகள் இறுகுகின்றன. ரயிலில் குளிர்சாதன முதல் வகுப்பில் இரண்டு படுக்கைக் கூபே அல்லது நான்கு படுக்கைக் கேபின் முழுவதையும் பதிவு செய்தால் மட்டுமே நாயை உடன் அழைத்துச் செல்லலாம். மற்ற வகுப்புகளில் பயணிப்போர் நாயைக் கட்டணம் செலுத்திச் சரக்குப் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் ஏற்ற வேண்டும். குளிர்சாதன இரண்டடுக்கு, மூன்றடுக்கு, படுக்கை வசதிப் பெட்டிகளில் அனுமதி இல்லை.

விமானங்களில் நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை வேறுபடுகிறது. ஏர் இந்தியா சிறிய வளர்ப்புப் பிராணிகளைப் பயணிகள் பகுதியில் அனுமதிக்கிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பர் முதல் இதனைத் தொடங்கியது. கூண்டுடன் சேர்த்து எடை வரம்பும் உண்டு. இண்டிகோ, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பயிற்சி பெற்ற நாய்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. நாட்டின் முதல் மெட்ரோவாக 1984 அக்டோபர் 24 அன்று ஓடத் தொடங்கிய கொல்கத்தா மெட்ரோவில் வளர்ப்புப் பிராணிகளுக்கு இடம் இல்லை.

வாடகைக் கார்களில் நிலைமை தெளிவற்றது. நாயை ஏற்றுவதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் ஓட்டுநரே முடிவு செய்கிறார். இருக்கை அழுக்கானால் கழுவும் செலவும், அந்நேரத்தில் இழக்கும் சவாரியும் அவர் தலையில்தான் விழுகின்றன. நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல முடியாமல் தவிப்போரின் அவதியும் உண்மையே. இவ்விரு தரப்பையும் இணைக்கும் முயற்சியாக, வளர்ப்புப் பிராணிகளுடன் பயணிப்போருக்கான தனிச் சேவையை ஊபர் நிறுவனம் 2024-இல் பெங்களூருவில் அறிமுகப்படுத்தியது. ஒப்புக்கொள்ளும் ஓட்டுநருக்குக் கூடுதல் கட்டணம், விரும்பாதவருக்குக் கட்டாயம் இல்லை என்பதே இத்தகைய சேவைகளின் அடிப்படை.

அடுக்குமாடியில் தடை செல்லுமா?

குடியிருப்புகளில் சட்டத்தின் திசை நாய்களுக்குச் சாதகமாக உள்ளது. குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தினாலும் நாய் வளர்ப்பைத் தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மின்தூக்கியில் நாயை ஏற்றக் கூடாது என்றோ, அதற்குத் தனிக் கட்டணம் வேண்டும் என்றோ சங்கங்கள் விதிக்க முடியாது. வளர்ப்புப் பிராணிகளைத் தடுக்கும் குடியிருப்புச் சங்க விதிகள் செல்லாது எனக் கேரள உயர் நீதிமன்றமும் 2021-இல் தீர்ப்பளித்தது.

இந்த உரிமையுடன் கடமையும் வருகிறது. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சென்னையில் 2024 மே மாதம் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய சம்பவம், இக்கடமையை நாடு முழுவதும் நினைவூட்டியது. அதன் பின்னர் உரிமம், தடுப்பூசி, மைக்ரோசிப் ஆகியவற்றைச் சென்னை மாநகராட்சி கட்டாயமாக்கியது.

சில இனங்களையே தடை செய்வது தீர்வாகுமா என்ற கேள்வியும் எழுந்தது. ஆபத்தானவை எனக் கருதப்படும் 23 நாய் இனங்களின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை கோரி மத்திய அரசு 2024 மார்ச்சில் சுற்றறிக்கை அனுப்பியது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதற்குப் பகுதியளவு இடைக்காலத் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை ரத்தே செய்தது.

மருத்துவமனை வளாகத்தில் நடந்தது

பொது இடத்தில் நாய் குறித்த முடிவை யாரும் எடுக்காமல் தள்ளிப்போட்டால் என்ன நேரும் என்பதற்குக் கொல்கத்தாவே சான்று. 2019 ஜனவரியில், நகரின் என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்தில் 16 நாய்க்குட்டிகள் அடித்துக் கொல்லப்பட்ட நிலையில் கிடந்தன. இரண்டு செவிலியர் மாணவிகள் கைது செய்யப்பட்டனர். நகரம் கொந்தளித்தது, விலங்கு ஆர்வலர்கள் வீதியில் திரண்டனர்.

அதே வேளையில், வளாகத்தில் நாய்க்கடித் தொல்லை நெடுநாளாகத் தீர்க்கப்படவில்லை என்ற குரலும் செவிலியர் தரப்பிலிருந்து எழுந்தது. கொலையை எந்தத் தொல்லையும் நியாயப்படுத்தாது. ஆனால் கருத்தடை, தடுப்பூசி, கழிவு அகற்றல் ஆகியவை முறையாக நடக்காத இடத்தில் அச்சமும் வெறுப்பும் சேர்ந்து வளர்கின்றன என்பதையும் மறுக்க முடியாது. அச்சத்துக்குக் காரணம் உண்டு. உலகில் ரேபிஸ் நோயால் நிகழும் மரணங்களில் 36 சதவீதம் இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. அறிகுறிகள் தோன்றிய பின் இந்நோயிலிருந்து உயிர் பிழைப்பது மிக அரிது.

ஆய்வாளர்கள் கண்டது

மேற்கு வங்கத்தின் மோகன்பூரில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில், அனிந்திதா பத்ரா தலைமையிலான குழு தெரு நாய்களை நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறது. அக்குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறக்கும் குட்டிகளில் 19 சதவீதம் மட்டுமே இனப்பெருக்கப் பருவத்தை எட்டுகின்றன. இறப்புகளில் 63 சதவீதத்துக்கு மனிதர்களே நேரடியாகவோ மறைமுகமாகவோ காரணம். வாகனங்களில் அடிபடுவதும் இதில் அடங்கும்.

அதே குழுவின் 2017-ஆம் ஆண்டு ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அறிமுகமற்ற மனிதர் தொடர்ந்து உணவு கொடுத்தபோதைவிட, தலையைத் தடவிக்கொடுத்தபோது தெரு நாய்கள் அவரிடம் அதிகம் நெருங்கின. மனிதர்களால் மிகுதியாக மடியும் விலங்கே மனிதரின் கனிவுக்கு இப்படி இணங்குகிறது. கொல்கத்தாவின் 'பாரா' எனப்படும் ஒவ்வொரு குடியிருப்பு வட்டாரமும் தனக்கென ஒரு நாயை வைத்திருப்பதன் பின்னணியும் இதுவாக இருக்கலாம். அண்மை ஆண்டுகளில் சில துர்கா பூஜைப் பந்தல்கள் வளர்ப்பு நாய்களுடன் வருவோரை வரவேற்கவும் தொடங்கியுள்ளன.

உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை

2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லி மற்றும் சுற்றுப்புறத் தெரு நாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்த பின் நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ரேபிஸ் பாதித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது. தெருவில் கண்ட இடத்தில் உணவிடாமல், அதற்கென ஒதுக்கிய இடத்தில் உணவிட வேண்டும் என்று அது கூறியது. இந்த விவகாரம் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. பணி விவரங்களைத் தாக்கல் செய்யாத மாநிலங்களின் தலைமைச் செயலர்களை அக்டோபரில் நீதிமன்றம் அழைத்தபோது, விலக்குப் பெற்ற இரு மாநிலங்களில் மேற்கு வங்கமும் ஒன்று, மற்றது தெலங்கானா.

பின்னர் நவம்பர் 7 அன்று, பள்ளிகள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து தெரு நாய்களை அகற்றவும், கருத்தடைக்குப் பின்னும் அங்கேயே மீண்டும் விடாதிருக்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது. இடத்துக்கு இடம் விதி மாறலாம் என்பதே இந்த ஆணைகளில் தெரியும் கோட்பாடு. தெருவில் இருக்கத் தடையில்லாத நாய்க்கு, நோயாளியும் குழந்தையும் விலகிச் செல்ல முடியாத இடத்தில் இருக்க அனுமதி இல்லை.

எங்கே கோடு வரையலாம்?

இவை அனைத்தையும் ஒன்றாக நோக்கினால், மூன்று கேள்விகள் முடிவெடுக்க உதவும். அந்த இடம் யாருடையது? விரும்பாதவர் அங்கிருந்து விலக முடியுமா? நாய்க்கு அந்த இடம் பாதுகாப்பானதா?

சொந்தக் காரில் முதல் இரண்டு கேள்விகள் எளிதானவை, மூன்றாவதே முதன்மையானது. நாயை ஏற்றுவதாக இருந்தால் பின்னிருக்கையில் கவசப் பட்டையாலோ கூண்டாலோ பிணைப்பது, கழுவக்கூடிய விரிப்பு இடுவது, நீர் வைத்திருப்பது, நிறுத்திய காரில் சில நிமிடங்கள்கூடத் தனியே விடாதிருப்பது ஆகியவை அடிப்படை. இவை இயலாத பழங்கால காராக இருந்தால், நாயை வீட்டில் விட்டுச் செல்வதே அதற்குச் செய்யும் நன்மை.

வாடகைக் காரில் ஓட்டுநரிடம் முன்னரே சொல்லிச் சம்மதம் பெறுவதும், கழுவும் செலவை ஏற்பதும் முறை. மின்தூக்கியில் நாயை ஏற்ற உரிமை உண்டு. உடன் வருபவர் அஞ்சினால் அடுத்த முறை வரை காத்திருப்பது பண்பு. தடுப்பூசிச் சான்றும் கழுத்துப் பட்டையும் எல்லா இடத்துக்கும் பொதுவானவை.

வாகனத்தில் நாய்க்கு இடம் உண்டா என்ற கேள்வி இந்தியருக்குப் புதியதும் அல்ல. மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில், விண்ணுலகுக்கு அழைத்துச் செல்ல இந்திரன் தேருடன் வருகிறான். நாய்க்கு அங்கே இடமில்லை என்கிறான். தன்னை நம்பி உடன் வந்த உயிரைக் கைவிட்டுத் தேரேற மாட்டேன் என்று மறுக்கிறார் தருமர். இன்றைய காரில் நாயை ஏற்றினாலும், வீட்டில் விட்டுச் சென்றாலும், நம்பி வந்த அந்த உயிருக்கான பொறுப்பு உரிமையாளருடையதே.